ஓரக்கோட்டு நாற்காலி

என் அக்காள் புருஷன் சிவஞானம் பதினான்கு வருஷம் டெல்லியில் டென்னிஸ் மைதானத்துக்குப் போனார். வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் அவருக்குப் பத்தடி தூரத்தில் நின்று ஆடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய முகத்தையாவது அவர் சரியாகப் பார்த்திருப்பாரா என்றால், இல்லை. "நேத்து ஆடினாரே, அவர் எப்படி அத்தான்?" என்று கேட்டால், "வலது ஷூவுல முன்பக்கம் தேஞ்சிருக்கு. ஓடும்போது காலை இழுக்காரு" என்பார். கோட்டுக்குப் பக்கத்தில் வருவது கால்தானே. முகம் அவ்வளவு கீழே வராது.

அவர் லைன்ஸ்மேன். ஆடுகளத்தைச் சுற்றிப் பத்துப் பதினோரு நாற்காலி போட்டிருக்கும். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு கோடு. பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் கையை நீட்டி "அவுட்" என்று கத்த வேண்டும். உள்ளே விழுந்தால் வாயைத் திறக்காமல் இரண்டு உள்ளங்கைகளையும் தரையைப் பார்த்துக் காட்ட வேண்டும். மூன்றாவதாக ஒரு சைகை உண்டு. ஏதோ ஒரு காரணத்தால் பந்து விழுந்ததைப் பார்க்க முடியாமல் போனால் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக் காட்ட வேண்டும். நான் பார்க்கவில்லை என்று அதற்கு அர்த்தம். அப்புறம் உயரமான நாற்காலியில் இருக்கும் அம்பயர் தீர்ப்புச் சொல்வார். அவரும் பார்க்கவில்லையென்றால் அந்தப் புள்ளியை மறுபடி ஆட வேண்டும்.

பதினான்கு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தான் கண்ணைப் பொத்தியதில்லை என்பது சிவஞானத்தின் பெருமை. மற்ற லைன்ஸ்மேன்கள் எல்லாம் எப்போதாவது பொத்தியிருக்கிறார்கள். இவர் ஆட்டக்காரர் குறுக்கே வந்தால் நாற்காலியிலிருந்து சரிந்து, கழுத்தை நீட்டி, எப்படியாவது கோட்டைப் பிடித்துவிடுவார்.

"பந்து வர்றதுக்கு முன்னால கண்ணு கோட்டுக்குப் போயிரணும் மாப்ளே. பந்து பின்னால கண்ணு போச்சுன்னா நீ ரசிகன். டிக்கெட் வாங்கிட்டு மேல போயி உக்காந்துக்க வேண்டியதுதான்" என்பார்.

இந்த வேலையில் அவர் வந்து விழுந்ததே ஒரு கூத்து. தென்காசிப் பக்கத்திலிருந்து பரீட்சை எழுதி, ஒரு மத்திய சர்க்கார் இலாகாவில் கிளார்க்காக டெல்லி வந்தவர். டென்னிஸ் மட்டையைக் கண்ணால் கண்டதில்லை. அவருடைய செக்ஷன் ஆபீஸர் மல்ஹோத்ரா ஒரு கிளப்பில் டென்னிஸ் ஆடுகிறவர். எழுபத்திரண்டாம் வருஷம் குளிர்காலத்தில் அங்கே ஒரு போட்டி. கோட்டுக்கு உட்கார ஆள் போதவில்லை. மல்ஹோத்ரா தன் செக்ஷனை ஒரு சுற்றுப் பார்த்தார். ஃபைலில் எட்டாம் பக்கத்தில் விட்டுப்போன ஒரு கமாவைக்கூடக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு வருகிற மதராசி ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வா என்று சொல்லிவிட்டார்.

போய்விட்டு வந்து என் அக்காள் பூங்கோதையிடம் சொல்லியிருக்கிறார்: "எட்டு மணி நேரம் ஒரு சுண்ணாம்புக் கோட்டைப் பாத்துட்டு வந்தேன். போட்டுக்க ஒரு நீலக் கோட்டு குடுத்தாங்க. டீயும் கட்லெட்டும்."

"ஆட்டம் எப்படி இருந்துச்சு?"

"பாக்கல்ல."

அக்காள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வந்து எட்டிப் பார்த்தாளாம். "கோயிலுக்குப் போயி, சாமி கும்பிடாம வாசல்ல செருப்புக்குக் காவல் இருந்துட்டு வந்திருக்கீக" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு. டென்னிஸுக்குப் போகிறார் என்று யாரும் சொல்வதில்லை. செருப்புக் காக்கப் போயிருக்கிறார் என்போம்.

நான் எழுபத்தெட்டில் லோதி ரோட்டில் ஒரு ஆபீஸில் வேலை கிடைத்து வந்து, லக்ஷ்மிபாய் நகரில் அவர்களுடைய சர்க்கார் குவார்ட்டர்ஸில் ஒட்டிக்கொண்டேன். வீடு கிடைக்கும் வரை என்று வந்தவன், ஏழெட்டு வருஷம் அவர்கள் பால்கனியிலேயே கட்டில் போட்டுக் காலம் தள்ளினேன். ஜூன் கடைசியில் விம்பிள்டன் ஆரம்பித்துவிட்டால் அந்தப் பால்கனி என்னுடையது இல்லை. சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் சிவஞானம் டிரான்ஸிஸ்டரைக் கொண்டுவந்து, ஏரியலில் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டுவார். லண்டனிலிருந்து கரகரவென்று குரல் வரும். எங்கள் பிளாக்கில் இருந்த தமிழர்கள் எல்லாரும் விசிறியோடு வந்து சேருவார்கள். பாயைத் தட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டு, இரண்டு மணி நேரம் எங்களுக்கெல்லாம் மூச்சே இருக்காது.

நம் தமிழ்ப் பிள்ளை ஒருவன் அங்கே ஆடினான். செல்வராஜ் என்று பெயர். சென்னையில் ஒரு கிளப்பில் அவனுடைய தகப்பனார் மார்க்கராக இருந்தவர். அதாவது பெரிய மனிதர்களுக்குப் பந்து போட்டு ஆடக் கற்றுக் கொடுக்கிற வேலைக்காரர். அந்தப் பெரிய மனிதர்கள் போன பிறகு தரையில் கிடந்த பழைய பந்தை அடித்துக் கற்றுக்கொண்டவன் விம்பிள்டன் புல்லில் நாலாவது சுற்றுவரை போனான். ரேடியோவில் அவன் பெயரை வெள்ளைக்காரன் வாயில் போட்டு மென்று சொல்வதைக் கேட்டாலே எனக்கு மயிர்க்கால் சிலிர்க்கும். நாங்கள் எல்லாரும் "அடி, அடி" என்று கத்திக்கொண்டிருக்கும்போது சிவஞானம் மட்டும் ரேடியோவைப் பார்த்து, "யாரு அந்தக் கோட்டுல உக்காந்திருக்கான்? சொல்ல மாட்டேங்கானே" என்று அலுத்துக்கொள்வார். லைன்ஸ்மேன் பெயரை ரேடியோவில் எந்தக் காலத்தில் சொன்னார்கள்?

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. விம்பிள்டனில் ஒரு கோட்டுக்கு உட்கார வேண்டும். அது நடக்காத காரியமும் இல்லை. இங்கேயிருந்து ஒருவரை அனுப்பலாம் என்று எண்பத்தாறாம் வருஷம் முடிவாகியிருந்தது. மூன்று பேர் பட்டியலில் சிவஞானம்தான் முதல். மார்ச் மாதம் டெல்லியில், நாட்டுக்கு நாடு மோதுகிற டேவிஸ் கோப்பை ஆட்டம். மூன்று நாள் நடக்கும் அதை மேற்பார்வை பார்க்க வெளிநாட்டிலிருந்து ஒரு ரெஃபரி வருகிறார். அவர் எழுதிக் கொடுக்கும் குறிப்பை வைத்துத்தான் ஆளை முடிவு செய்வார்கள். லைன்ஸ்மேன்களைக் கவனித்துக்கொண்ட கமிட்டிக்காரர் சிவஞானத்தைக் கூப்பிட்டு, "மூணு நாள் ஒரு பிசகு இல்லாமல் ஓட்டிவிடு பாய். ஜூனில் லண்டன்" என்று சொல்லிவிட்டார்.

இது தெரிந்ததும் எங்கள் பிளாக்குக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தாயிற்று. அதில் அவர் கண்ணைச் சிமிட்டாமல் கேமராவின் கீழ் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். லண்டனில் ஜூனிலும் குளிருமாம் என்று யாரோ சொல்ல, அக்காள் பஞ்சாபி அம்மாளிடம் கற்றுக்கொண்டு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள். செருப்புக் காக்கிற பேச்சையே நிறுத்திவிட்டாள். "எங்க வீட்டுக்காரக லண்டன் போறாக" என்று காய்கறி வண்டிக்காரனிடம்கூடச் சொன்னாள். அவன் "அச்சா ஜி" என்று இரண்டு பச்சை மிளகாய் கூடப் போட்டான்.

வெள்ளியும் சனியும் ஒரு குறையும் இல்லாமல் போயின. ரெஃபரி என்கிற அந்த நெட்டை மனிதர், சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் சிவஞானத்தின் நாற்காலியருகே நின்று பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனாராம். வீட்டுக்கு வந்து அத்தான் அதை மூன்று தடவை சொன்னார். மனிதர் எதையும் இரண்டாம் தடவை சொல்லி நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டுக்கு இரண்டு என்று ஆட்டங்கள் சமமாகி, கடைசி ஆட்டம் செல்வராஜ் கையில் வந்து நின்றது. ஜெயித்தால் இந்தியா அடுத்த சுற்றுக்குப் போகும். எனக்கு அத்தான் தயவில் ஒரு பாஸ். சரியாக அவர் நாற்காலிக்குப் பின்னால், நாலாவது வரிசை. அவர் பார்க்கிற ஓரக்கோடு எனக்கும் நேராக ஓடியது. அவருடைய பிடரியும் நீலக் கோட்டின் தோள்பட்டையும் எனக்கு முன்னால் இருந்தன.

செல்வராஜை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். ரேடியோவில் கேட்டு நான் மனதில் கட்டி வைத்திருந்தவன் பெரிய ஆகிருதி. வந்து நின்றவன் ஒல்லியாக, கறுப்பாக, எங்கள் ஊர் பஸ்ஸில் கண்டக்டராக வந்தால் டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பியும் பார்க்க மாட்டேன், அப்படி இருந்தான். முதல் பந்தை அடித்தான். அந்தச் சத்தம் என் நெஞ்சுக்கூட்டில் வந்து விழுந்தது. ஒரு மனிதனுடைய கை இப்படியும் போகுமா என்று எனக்குத் தோன்றியது. பந்தை அவன் அடிக்கவில்லை. எங்கே போக வேண்டும் என்று அதனிடம் சொல்லி அனுப்பினான். எதிராளி ஆறடி மூன்றங்குலம், மலை மாதிரி. அவனுடைய சர்வீஸை நான் பார்க்கவே முடியவில்லை. செல்வராஜ் பார்த்தான், திருப்பினான். எனக்கு இரண்டு தடவை கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த சர்தார்ஜி என் முதுகில் தட்டினார். அவருக்கும் வந்திருந்தது.

நாலு மணி நேரம். அவ்வளவு நேரமும் எனக்கு முன்னால் இருந்த அந்தப் பிடரி அசையவில்லை. ஏழாயிரம் பேர் எழுந்து குதிக்கிறோம், உட்காருகிறோம், எழுந்து குதிக்கிறோம். சிவஞானம் முழங்காலில் கையை ஊன்றி, குனிந்து, கோட்டைப் பார்த்தபடி இருந்தார். வெயில் முகத்தில் நேராக அடித்தது. ஒரு ஈ காதில் உட்கார்ந்து எழுந்து மறுபடி உட்கார்ந்தது. அவர் கையை எடுக்கவில்லை. ஐந்தாறு தடவை "அவுட்" என்று கத்தினார். அதில் நாலு நமக்கு எதிராக. கூட்டம் கூச்சல் போட்டது. அவர் நீட்டிய கையை மடக்கி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

ஐந்தாவது செட். எட்டுக்கு ஏழு. செல்வராஜ் முன்னால் இருந்தான். இன்னும் ஒரே ஒரு புள்ளி. அது கிடைத்தால் ஆட்டமும் முடிந்தது, இந்தியாவும் ஜெயித்தது, அத்தானும் லண்டன் போனார். நான் அப்படித்தான் விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டேன். செல்வராஜ் அந்தக் கோடியில். எதிராளி எங்கள் பக்கம்.

நாலைந்து அடி மாறி மாறிப் போயிற்று. எதிராளி வலைக்கு ஓடிவந்து, பந்தை மூலையைப் பார்த்து வெட்டிவிட்டான். அது ஆடுகளத்தைத் தாண்டி, பூந்தொட்டிகள் வைத்திருந்த பக்கம் போய்விட்டது. முடிந்தது என்று நினைத்தேன். செல்வராஜ் நினைக்கவில்லை. ஓடினான். கோட்டைத் தாண்டி, களத்தைத் தாண்டி, தொப்பி பறந்து போக ஓடினான். பந்து தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும்போது, உடம்பு முழுவதும் வெளியே சாய்ந்திருக்க, கையை மட்டும் பின்னாலிருந்து கொண்டுவந்து அடித்தான். பந்து வலைக்கம்பத்துக்கு வெளியே சுற்றிக்கொண்டு, மலை மாதிரி நின்றவனைத் தாண்டி, ஓரக்கோட்டை ஒட்டி, எங்கள் பக்கம் வந்து விழுந்தது.

ஏழாயிரம் பேரும் ஒரே குரலாகக் கத்தினோம். நான் சர்தார்ஜியைக் கட்டிக்கொண்டேன். யாரோ என் தலையில் ஆரஞ்சுப் பழத்தைப் பிழிந்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பிறகுதான் எதிராளி அசையாமல் நின்று, திரும்பி, அத்தானின் நாற்காலியைப் பார்ப்பதைக் கண்டேன். அம்பயரும் பார்த்தார். ஓரத்தில் நின்ற நெட்டை ரெஃபரியும் பார்த்தார். அத்தான் உள்ளங்கைகளைக் கீழே காட்ட வேண்டியதுதான் பாக்கி. கையைத் தாழ்த்தினால் போதும். உலகத்தில் எவனும் கேள்வி கேட்க மாட்டான்.

சிவஞானம் முழங்காலிலிருந்து கைகளை எடுத்தார். இரண்டையும் மெதுவாக உயர்த்தினார். கண்ணைப் பொத்திக்கொண்டார்.

நான் அவர் பிடரியைப் பார்த்தபடி நின்றேன். அவர் தலைக்கு மேலாக, அந்தக் கோடியில் பூந்தொட்டிகளுக்கு நடுவே செல்வராஜ் விழுந்து கிடந்தது தெரிந்தது. பொத்திய கைகளின் விரல்கள் இரண்டு காதோரமும் தெரிந்தன. எனக்கு விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. அந்த நேரம் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் அக்காள் படித்துவிட்டு என்னை வீட்டில் சேர்க்க மாட்டாள்.

அம்பயர் உதட்டைப் பிதுக்கினார். எதிராளி குறுக்கே நின்றதால் அவரும் பார்க்கவில்லை. அந்தப் புள்ளியை மறுபடி ஆடச் சொன்னார். ஆடினார்கள். போயிற்று. அதன் பின்னாலேயே கேமும் போயிற்று. பத்துக்கு எட்டு என்று செட்டும், ஆட்டமும், இந்தியாவும் போயிற்று. அத்தானின் நாற்காலியைப் பார்த்து ஆரஞ்சுத் தோலும் காகிதமும் வந்து விழுந்தன. வைத வார்த்தைகளில் "மதராசி" என்பதுதான் கொஞ்சம் மரியாதையானது. கடைசிவரை அவர் குனிந்து கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் நாலு போலீஸ்காரர்கள் நடுவில் பின் வழியாகக் கூட்டிப் போனார்கள்.

பஸ் ஸ்டாண்டில் அவரைப் பிடித்தேன். நீலக் கோட்டைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரிய மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"என்ன அத்தான் செஞ்சீங்க? யாரும் குறுக்க நிக்கலையே! உங்க முன்னாலதான விழுந்துச்சு!"

"ஆமா."

"பின்ன ஏன் பாக்கல?"

"கண்ணைத் தூக்கிட்டேன் மாப்ளே" என்றார். "அவன் ஓடுனான்லா. அந்தப் பக்கம் ஓடி, என் கோட்டுக்கு நேரா வந்துட்டான். கண்ணு தானா மேல போயிட்டு."

"பதினாலு வருசம் தூக்காத கண்ணை இன்னைக்கா தூக்கணும்? சரி, தூக்கினீங்க. கையைக் கீழ காட்டியிருக்கலாம்லா? நான் பாத்தேன், பந்து கோட்டுலதான் விழுந்துச்சு. சுண்ணாம்பு பறந்துச்சு! ஏழாயிரம் பேரு பாத்தாங்க!"

"நான் பாக்கலையே" என்றார். பஸ் வந்தது. வீடு வரும்வரை நான் பேசிக்கொண்டே வந்தேன்.

அக்காளிடமும் நான்தான் போய்க் கொட்டினேன். அவள் என் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஸ்வெட்டரில் ஒரு கைதான் பாக்கி இருந்தது. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டாள்.

"பாக்கலைன்னா பாக்கலைன்னுதானல சொல்லணும்? அரிசியைக் களையாமலே கல்லு இல்லைன்னு சொல்லச் சொல்லுதியா?" என்றாள். அப்புறம் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

பத்து நாளில் செய்தி வந்துவிட்டது. கல்கத்தாக்காரர் ஒருவர் லண்டன் போகிறார். ரெஃபரி சிவஞானத்தைப் பற்றி நல்லபடியாகத்தான் எழுதியிருந்தாராம். நேர்மையான மனிதர் என்று ஒரு வரி இருந்ததாம். ஆனால் வெற்றிப் புள்ளியில் கண்ணைப் பொத்தியவரை எப்படி அனுப்புவது என்று கமிட்டியில் கேட்டிருக்கிறார்கள். கமிட்டிக்காரர் வந்து இதைச் சொன்னபோது அத்தான், "ரைட் சார், கரெக்ட் சார்" என்றார். அவர்கள் இடத்தில் அத்தான் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்.

பிளாக்கில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. பந்து கோட்டின் நடுவில் விழுந்தது என்றார் ஒருவர். இரண்டங்குலம் உள்ளே என்றார் இன்னொருவர். மைதானத்துக்கே வராதவர்கள்கூடச் சுண்ணாம்பு பறந்ததைப் பார்த்திருந்தார்கள். பால் வாங்க நின்றால் இதே பேச்சு. சிவஞானம் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஆபீஸில் மல்ஹோத்ரா அவருக்கு நமஸ்தே சொல்வதை நிறுத்திவிட்டார். நானும் லேசுப்பட்டவன் இல்லை. யார் கேட்டாலும் நாலாவது வரிசையிலிருந்து பார்த்த சாட்சி நான்தான் என்று ஆரம்பித்துவிடுவேன். பெரிய அநியாயத்தைக் கண்ணாரக் கண்டவன் என்கிற ஒரு கௌரவம் எனக்கு வந்திருந்தது. அது பிடித்தும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரோல் பாகிலிருந்து தூரத்துச் சொந்தக்காரர் ராஜசேகரன் வந்திருந்தார். அக்காள் கூடத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டதுதான் தாமதம், நான் ஆரம்பித்துவிட்டேன். செல்வராஜ் ஓடினான், அடித்தான், பந்து வந்தது, கோட்டில் விழுந்தது, சுண்ணாம்பு பறந்தது, என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

உள்ளே இருந்த சிவஞானம் வெளியே வந்தார். கோபமாக வருகிறாரோ என்று பயந்தேன். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முறத்திலிருந்து ஒரு பட்டாணியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தரையில் சிமென்டுப் பாளங்களுக்கு நடுவே ஓடிய கோட்டை விரலால் காட்டினார்.

"இதுதான் ஓரக்கோடு. நான் இங்க. நீ எனக்குப் பின்னால. பந்து எங்க விழுந்துச்சோ அங்க வை மாப்ளே. எனக்குத் தெரிஞ்சுக்கிடணும்."

அவர் குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் பட்டாணியோடு கையை நீட்டினேன். கோட்டின் மேல் கொண்டுபோனேன். கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன். பின்னால் நகர்த்தினேன். எதிராளியின் கால் எங்கே இருந்தது? தெரியவில்லை. பந்து விழுந்து எந்தப் பக்கம் எகிறியது? தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். பறந்து போகிற தொப்பி தெரிந்தது. நனைந்து முதுகில் ஒட்டிய சட்டை தெரிந்தது. பின்னாலிருந்து வந்த அந்தக் கை, விரல் விரலாகத் தெரிந்தது. பந்து தெரியவில்லை. சுண்ணாம்பும் தெரியவில்லை. எல்லாரும் கத்தினார்கள், அதனால் நானும் கத்தினேன்.

என் கை கோட்டின் மேல் அப்படியே நின்றது. அக்காள் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு முகமெல்லாம் சுட்டது. மூன்று வாரமாக ஊரெல்லாம் சாட்சி சொன்ன வாய்.

"நானும் பாக்கல அத்தான்" என்றேன். "நான் அவனைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அன்று அந்த மைதானத்தில் பந்து விழுந்ததைப் பார்த்தவர் ஒருவராவது இருந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏழாயிரம் பேரும் செல்வராஜைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்போம். பார்க்கவில்லை என்று சொன்னவர் ஒரே ஒருவர். அவர் என் எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தார். எட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்து, அவர் சோற்றைத் தின்று, கேலி செய்துகொண்டிருந்தவன் அன்றுதான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். காலில் விழ வேண்டும் போல இருந்தது. கூச்சமாக இருந்ததால் விழவில்லை.

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பட்டாணியை என் கையிலிருந்து வாங்கி முறத்தில் போட்டார். அக்காளை ஒரு தடவை பார்த்தார். பிறகு நகர்ந்து என் முழங்காலை ஒட்டி வந்து உட்கார்ந்தார்.

"அப்ப நீ முழுசாப் பாத்திருக்க" என்றார். மெதுவாகக் கேட்டார்: "நான் அவன் அடிச்சது வரைக்கும்தான் பாத்தேன் மாப்ளே. அப்புறம் கண்ணு கோட்டுக்குத் திரும்பிட்டு, கையையும் வச்சு மூடிட்டேனே. அந்நேரம் அவன் என்ன செஞ்சான்?"

"விழுந்துட்டான் அத்தான். பூந்தொட்டி மேல போயி விழுந்தான். விழுந்த இடத்துலயே கிடந்துக்கிட்டு, தலையை மட்டும் தூக்கி உங்களைப் பாத்தான்."

"என்னையா?"

"உங்களைத்தான். நீங்க கண்ணைப் பொத்திட்டு இருந்தீங்க. நாங்க எல்லாரும் கத்திக்கிட்டிருந்தோம். அவன் கத்தல. உங்களைப் பாத்துச் சிரிச்சான்."

"சிரிச்சானா?"

"ஆமா."

அத்தான் மூக்கை உறிஞ்சினார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மொதல்ல இருந்து சொல்லு" என்றார். "ஓட ஆரம்பிச்சதுல இருந்து."